புகழுக்கு ஒரு விசா, மரபுக்கு ஒரு விசா

அமெரிக்காவில் சன்மானம் வாங்கிக்கொண்டு கச்சேரி செய்ய வேண்டுமானால் சுற்றுலா விசா போதாது. கலைஞர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் அந்நாட்டின் 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஓ, பி என்ற விசா வகைகளை ஏற்படுத்தியது. அவற்றில் நம் இசைக்காரர்களுக்கு நெருக்கமானவை ஓ-1, பி-3 ஆகிய இரண்டும். ஒரே வித்துவான் எதன் வழியாகவும் போகலாம். ஆனால் ஒன்று அவருடைய புகழை அளக்கிறது, மற்றது அவர் கலையின் வேரைப் பார்க்கிறது. நம் கலைகளுக்குப் பி-3தான் பொருத்தம் என்பது என் கருத்து. இருந்தும் சட்டம் அதற்குக் குறுகிய ஆயுளையே கொடுத்திருக்கிறது.

நடைமுறை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. கலைஞர் தாமாக மனுப்போட முடியாது; அமெரிக்காவில் இருக்கும் அமைப்பாளரோ முகவரோ போட வேண்டும். அத்துறைத் தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதமும் நிகழ்ச்சி நிரலும் உடன் போக வேண்டும். மனு தேறினாலும், சென்னை ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் பாக்கி இருக்கும்.

ஓ-1 கேட்பது அசாதாரணத் திறமை. கிராமி, ஆஸ்கர் போன்ற விருதோ பரிந்துரையோ இருந்தால் வழி எளிது. இல்லாவிட்டால் ஆறு அளவுகோல்களில் மூன்றையாவது காட்ட வேண்டும். பெயர்பெற்ற நிகழ்ச்சியில் முதன்மைப் பங்கு, பத்திரிகை விமர்சனம், வசூல் வெற்றி, மற்றவர்களைவிடக் கூடிய ஊதியம் என்று அந்தப் பட்டியல் போகிறது. சபா சீசனில் மாலைக் கச்சேரி செய்யும் பாடகருக்கு இது கஷ்டமில்லை. விமர்சனங்கள் ஆங்கில நாளிதழ்களிலேயே கிடைக்கும், விருதுப் பட்டியலும் நீளமாக இருக்கும்.

தஞ்சைப் பக்கத்துத் தவில் வித்துவான் ஒருவரின் கோப்பு இப்படி அமையாது. அவரிடம் இருப்பவை கோயில் திருவிழா நோட்டீஸ்கள். 'மங்கள இசை' என்ற வரிக்குக் கீழே சிறிய எழுத்தில் அவர் பெயர் இருக்கும். ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, பெயர்ப்பாளர் சான்றளித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சாமி புறப்பாட்டில் விடிய விடிய வாசித்ததற்கு விமர்சனம் எழுத யாரும் வரவில்லை. கையில் கொடுத்த பணத்துக்கு ரசீது கிடையாது. பொன்னாடையை எந்த அளவுகோலில் சேர்ப்பது? அவர் வாசிப்பில் குறையில்லை. அந்த வாசிப்புக்குக் காகிதம் சேராத உலகத்தில் அவர் வாழ்கிறார்.

பி-3 இவருக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. கலை ஒரு சமூகத்துக்கே உரிய பண்பாட்டுத் தனித்தன்மை உடையது என்று காட்ட வேண்டும். அந்தக் கலையை அறிந்த அறிஞர்களின் கடிதங்களே முக்கியச் சான்று. மற்றொரு வசதி, குழுவாகப் போகலாம். பி-1 வகையில் வரும் இசைக்குழுவில் முக்கால்வாசிப் பேர் ஓராண்டாவது சேர்ந்து இயங்கியிருக்க வேண்டும். மேடைக்கு மேடை பக்கவாத்தியம் மாறும் கர்நாடக இசைக்கு அது ஒத்துவராது. பி-3 அப்படிக் கேட்பதில்லை. வயலின்காரருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், குழு மனுவில் பதில் ஆளைச் சேர்க்கவும் விதி இடம் கொடுக்கிறது. ஓ-1 தனி ஒருவருக்கானது. உடன் போகும் பக்கவாத்தியக்காரருக்கு ஓ-2 என்று வேறு மனு வேண்டும்.

ஆனால் மரபை அளப்பவர் யார் என்ற சங்கடம் பி-3இல் உண்டு. யூத கிளெஸ்மர் இசையையும் லத்தீன் அமெரிக்க இசையையும் கலந்து வாசித்த அர்ஜென்டினாக் குழு ஒன்றை லாஸ் ஏஞ்சலஸின் ஸ்கர்பால் பண்பாட்டு மையம் அழைத்தது. கலப்பிசை எந்த ஒரு பண்பாட்டுக்கும் தனித்த சொந்தமாகாது என்று மனு நிராகரிக்கப்பட்டது. 2012இல் மேல்முறையீட்டு அலுவலகம் அதை மாற்றி, பண்பாட்டுத் தனித்தன்மை பழைய வடிவங்களுக்கு மட்டும் உரியதல்ல, கலப்பிலும் அது பிறக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இது நமக்கும் பெரிய பலம். வயலின் மேற்கிலிருந்து வந்து, பாலுசாமி தீட்சிதர் காலத்தில் நம் இசைக்குள் நுழைந்ததுதானே? கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனும் ஸ்ரீநிவாசின் மாண்டலினும் அதே வழியில் வந்தவை.

இன்னொரு கட்டு, பயணத்தின் எல்லா நிகழ்ச்சிகளும் பண்பாட்டு நிகழ்ச்சிகளாகவே இருக்க வேண்டும் என்பது. கிளீவ்லாந்தில் 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ ஆராதனை போன்ற விழாவுக்கு இதில் சிக்கல் இல்லை. அதே பயணத்தில் ஒரு தமிழ்ச் சங்கம் சினிமாப் பாட்டுக் கச்சேரி கேட்டால்தான் சிக்கல். ஓ-1இல் இந்தக் கட்டு இல்லை.

காலக்கெடுவில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. ஓ-1 முதல் தடவையே மூன்றாண்டு வரை கிடைக்கும். தனி விளையாட்டு வீரருக்குப் பி-1இல் ஐந்தாண்டு. பி-3க்கு அதிகபட்சம் ஓராண்டு. சொந்த நாட்டில் வீடு உண்டு, அதை விட்டுவிடும் எண்ணமில்லை என்றும் பி-3க்காரர் காட்ட வேண்டும். ஓ-1காரருக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஓராண்டுதான் என்பதால், ஆண்டுதோறும் வசந்தத்தில் அழைக்கும் அமைப்புகள் ஒவ்வொரு முறையும் மனுப்போட வேண்டியிருக்கிறது. அவற்றில் பல, தன்னார்வலர்கள் வேலைநேரம் போக நடத்துபவை. 2024 ஏப்ரல் கட்டண உயர்வுக்குப் பின் பி வகை மனுவுக்கு அடிப்படைக் கட்டணம் 1,015 டாலர். சிறு அமைப்புகளுக்கும் லாப நோக்கற்றவற்றுக்கும் 510. ஒரு மனுவில் 25 பேர் வரை சேர்க்கலாம் என்றாலும், தவில், நாதஸ்வரம், தாளம் என்று நாலைந்து பேர் போகும் குழுவுக்கு அதனால் பயனில்லை. போன ஆண்டு தேறிய அதே தவில் வித்துவானின் அதே கலைக்கு, இந்த ஆண்டும் புதிதாக அறிஞர் கடிதமும் தொழிற்சங்கக் கடிதமும் வாங்க வேண்டியிருக்கிறது. கலையின் வேர் ஓராண்டில் மாறுவதில்லை. மூன்றாண்டு அனுமதி பி-3க்கும் உரியது.