நியுவே: இடப்பெயர்வும் மக்கள்தொகையும்

நியுவே, தென் பசிபிக்கில் டோங்காவுக்குக் கிழக்கே சுமார் 260 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒற்றைப் பவளத்தீவு. 1966இல் இங்கு ஏறத்தாழ 5,200 பேர் வாழ்ந்தனர். 2022 கணக்கெடுப்பில் அது 1,700க்கும் கீழே இறங்கிவிட்டது. நியூசிலாந்திலோ 2018இல் நியுவே வம்சாவளியினர் 30,000க்கும் மேல் இருந்தனர்.

ஊர் காலியானதற்குப் போரோ பஞ்சமோ காரணமல்ல. 1901இல் நியூசிலாந்துடன் இணைக்கப்பட்ட இத்தீவின் மக்கள் அந்நாட்டின் குடிமக்கள். 1974இல் தன்னாட்சி பெற்றபோதும் அந்த உரிமை தொடர்ந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஹானன் விமான நிலையம் இயங்கத் தொடங்கியதும், கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்த இளைஞர்கள் ஆக்லாந்தின் தொழிற்சாலைகளுக்குப் பறந்தனர். முதலில் அண்ணன், பின் தம்பி, கடைசியில் பெற்றோர் என வீடு வீடாகக் குடிபெயர்ந்தனர். 2004 ஜனவரியில் தலைநகர் அலோஃபியைச் சிதைத்த ஹேட்டா புயலுக்குப் பிறகு இன்னும் சிலர் கிளம்பினர்.

இதன் விளைவு கிராமச் சாலைகளிலேயே தெரியும். 1959, 1960 புயல்களுக்குப் பின் நியூசிலாந்து உதவியோடு கட்டிய ஒரே மாதிரியான கான்கிரீட் வீடுகள் பல இன்று கூரையிழந்து நிற்கின்றன. உள்ளே செடிகொடி மண்டிக்கிடக்கிறது. இவற்றை வெளியாருக்கு விற்கவும் வழியில்லை. நிலம் 'மங்காஃபாவோவா' எனப்படும் குடும்ப வழியினர் அனைவருக்கும் பொது. ஆக்லாந்தில் பிறந்த பேரனும் அந்த வழியில் ஒருவன்தான். பங்காளிகள் கடல்தாண்டிச் சிதறியிருப்பதால், பாழடைந்த வீட்டைச் சீராக்கவும் எல்லோர் சம்மதமும் கிடைப்பது அரிது. ஆனால் இதே ஏற்பாடுதான் போனவர்களை ஊரோடு பிணைத்தும் வைத்திருக்கிறது. வெறும் எண்ணிக்கையை வைத்து நியுவேயை அழியும் நாடு என்பது அதனால் அவசரத் தீர்ப்பு.

பையன்களின் முடிவெட்டும் சடங்கில் இந்தப் பிணைப்பைக் காணலாம். பிறந்தது முதல் வளர்த்த முடியைப் பல சடைகளாகப் பின்னி, உறவினர் ஒவ்வொருவரும் ஒரு சடையை வெட்டிப் பணம் மொய்யாகத் தருவர். வந்தவர்களுக்குப் பன்றி இறைச்சி, சேம்பு, மீன் எனப் பங்கிட்டுக் கொடுப்பர். தீவிலும் ஆக்லாந்திலும் இது நடக்கிறது.

மொழி அப்படித் தப்பவில்லை. நியுவே மொழி பேசுவோர் தீவைவிட நியூசிலாந்திலேயே அதிகம் என்றாலும், அங்கு பிறந்த தலைமுறையில் பெரும்பாலோர்க்கு அது வாயில் வராது.

ஆட்சியமைப்பு பழைய கணக்கிலேயே நிற்கிறது. 20 உறுப்பினர் சட்டமன்றத்தில் 14 கிராமங்களுக்கும் தலா ஓர் இடம். வாக்காளர் எவ்வளவு குறைந்தாலும் அந்த இடம் உண்டு.

வருவோரும் இருக்கின்றனர். டோங்கா, ஃபிஜி, பிலிப்பைன்ஸ் நாட்டவர் வேலைக்காகத் தங்குகின்றனர். ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்த வாயியா கிராமத்தில் தொண்ணூறுகளில் துவாலுவிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறின.