மின்கலம் யார் பொறுப்பு? வீட்டுத் தொலைபேசி இணையவழிக்கு மாறிய வரலாறு

பிரிட்டனில் செப்புக் கம்பிவழித் தொலைபேசி வலையமைப்பை மூடுவதற்கு பி.டி. நிறுவனம் 2027 ஜனவரி இறுதியை நாளாகக் குறித்திருக்கிறது. இந்தத் திட்டம் 2015இல் வெளியானபோது சொல்லப்பட்ட ஆண்டு 2025. இணையவழிக் குரல் அதற்குள் நன்றாகவே முதிர்ந்திருந்தது, கருவிகளுக்கும் பஞ்சமில்லை. இருந்தும் கெடு தள்ளிப்போயிற்று. மின்சாரம் நின்றால் தனித்திருக்கும் முதியவர் யாரை, எப்படி அழைப்பார் என்ற கேள்விக்கு உரிய காலத்தில் விடை தயாராகாததே அதற்கு முக்கியக் காரணம்.

இணையவழித் தொலைபேசியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கட்டணக் குறைவைப் பற்றியே எழுதுகிறார்கள். கட்டணம் முக்கியந்தான். ஆனால் அந்த ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால், இந்த மாற்றத்தில் கைமாறிய ஒரு பெரிய பொறுப்பு கண்ணில் படாமல் போகிறது. தொலைபேசிக்கு மின்சாரம் கொடுக்கும் பொறுப்பு அது. அதன் தடத்தைப் பின்பற்றி இந்த வரலாற்றைப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876இல் காப்புரிமை பெற்றதை அடுத்து வந்த ஆரம்பகாலத் தொலைபேசிகள் வீட்டு மின்கலத்தை நம்பியிருந்தன. சந்தாதாரர் வீட்டுச் சுவரில் பேசுகருவி, மணியடிக்கக் கையால் சுழற்றும் சிறு மின்னாக்கி, பக்கத்திலேயே மின்கலப் பெட்டி. மின்கலம் தளர்ந்தால் குரலும் தளரும். அதைப் பார்த்துச் சரிசெய்ய நிறுவன ஊழியர் வீடுவீடாகப் போக வேண்டியிருந்தது. இந்தச் செலவும் அலைச்சலும் தாங்காமல்தான் 1890களில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் பொது மின்கல முறையைக் கொண்டுவந்தன. அதன்பின் மின்கலம் தொலைபேசி நிலையத்தில் இருந்தது. பேசுவதற்கு வேண்டிய மின்னோட்டம் குரல் போகும் அதே இரட்டைக் கம்பியில் வீட்டுக்கு வந்தது.

அந்த ஏற்பாடு நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. நிலையத்தின் ஓர் அறையில் வரிசையாக ஈய அமில மின்கலங்கள், கம்பியில் 48 வோல்ட், மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் டீசல் மின்னாக்கி. ஊரே இருண்டாலும் தொலைபேசியில் டயல் ஓசை கேட்டது இதனால்தான். எந்தச் சந்தாதாரரும் இதைத் தனியாகக் கேட்டு வாங்கவில்லை, இதற்கென்று தனிக் கட்டணமும் இல்லை. அதனாலேயே, அது போகும்வரை அப்படி ஒன்று இருந்ததைப் பலர் அறியவில்லை.

குரலைத் துண்டுகளாக்கிக் கணினி வலையில் அனுப்பும் முயற்சி, பலர் எண்ணுவதைவிடப் பழையது. 1974 ஆகஸ்டில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்துக்கும் மாசச்சூசெட்ஸின் லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வழியாகக் குரல் சென்றது. அதற்கான நெறிமுறையை வகுத்தவர் டேனி கோஹன்; 1977இல் ஆர்.எஃப்.சி. 741 என்ற ஆவணமாக அது வெளிவந்தது. கோப்பு அனுப்பும்போது ஒரு துண்டு தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கலாம். உரையாடலில் அது உதவாது. நேரம் கடந்து வரும் துண்டு வராததற்குச் சமம். இந்தத் தேவையை கோஹன் விடாமல் வலியுறுத்தினார். 1978 வாக்கில் இணையத்தின் அடிப்படை நெறிமுறை, தொலைந்த துண்டை மறுபடி அனுப்பும் டி.சி.பி., துண்டுகளை முகவரிக்குக் கொண்டுசேர்க்கும் ஐ.பி. என இரண்டாகப் பிரிந்ததற்கும், பின்னர் மறு அனுப்பல் இல்லாத யு.டி.பி. தோன்றியதற்கும் அந்த வலியுறுத்தல் ஒரு காரணம். இன்றைய இணையத்தின் உடலமைப்பிலேயே தொலைபேசிக் குரலின் கைத்தடம் பதிந்திருக்கிறது.

அடுத்த இருபது ஆண்டுகளை விரைவாகக் கடக்கலாம். 1995 பிப்ரவரியில் இஸ்ரேலின் வோகல்டெக் நிறுவனம் வீட்டுக் கணினிக்கான இணையத் தொலைபேசி மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரு முனையிலும் கணினி, ஒலி அட்டை, மோடம் வேண்டும். 1996இல் குரலையும் படத்தையும் நேர ஒழுங்கோடு அனுப்பும் ஆர்.டி.பி. நெறிமுறை, 1999இல் அழைப்பை ஏற்படுத்தவும் முடிக்கவும் உதவும் எஸ்.ஐ.பி. நெறிமுறை. இரண்டிலும் முதன்மைப் பங்காற்றிய ஹென்னிங் ஷுல்ஸ்ரின் பின்னாளில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியானார்.

குரல் துண்டாகும் கணக்கு எளிது. நொடிக்கு 8,000 மாதிரிகள், மாதிரிக்கு 8 பிட், ஆக நொடிக்கு 64,000 பிட். 20 மில்லி நொடிக் குரல் 160 பைட் ஆகிறது. முகவரித் தலைப்புகளுக்கு இன்னும் 40 பைட். நொடிக்கு ஐம்பது துண்டுகள். அகலப்பட்டை இணைப்புக்கு இது பெரிய சுமையே இல்லை.

வீட்டுத் தொலைபேசியை நேரடியாக இடம்பெயர்த்தது 2002இல் அமெரிக்காவில் சேவை தொடங்கிய வோனேஜ். கணினியைத் திறக்க வேண்டாம். பழைய தொலைபேசியின் கம்பியை ஒரு சிறு மாற்றிப் பெட்டியில் செருகி, பெட்டியை ரூட்டரில் இணைத்தால் போதும். தொலைதூர அழைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்டிவந்த குடும்பங்களுக்கு மாதத்துக்கு ஒரே கட்டணம் பெரும் விடுதலையாக இருந்தது. எந்த ஊர்க் குறியீட்டு எண்ணையும் எந்த ஊரிலிருந்தும் வைத்துக்கொள்ளலாம் என்பதும் கவர்ச்சியாயிற்று.

அந்தக் கவர்ச்சிக்குள்தான் ஆபத்தும் இருந்தது. பழைய கம்பி ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குச் சென்றது. அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911ஐ அழுத்தினால் எந்த வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது என்பது எடுப்பவருக்குத் தெரிந்தது. இணைய எண்ணுக்கு வீடு கிடையாது. 2005 தொடக்கத்தில் ஹூஸ்டன் நகரில் ஒரு வீட்டுக்குள் ஆயுதம் ஏந்தியோர் புகுந்து பெற்றோரைச் சுட்டபோது, மகள் இணையவழித் தொலைபேசியில் 911ஐ அழைத்தாள். அந்த எண்ணை இந்தத் தொலைபேசியில் அழைக்க இயலாது என்ற பதிவுக் குரலே கிடைத்தது. டெக்சாஸ் மாநிலம் அந்த மார்ச்சில் வோனேஜ் மீது வழக்குத் தொடுத்தது. மே மாதம் எஃப்.சி.சி. ஆணையிட்டது: பொதுத் தொலைபேசியோடு இணையும் எந்த இணையக் குரல் சேவையும் 120 நாளுக்குள் அவசர அழைப்பை, அழைப்பவர் பதிவுசெய்த முகவரியோடு, உரிய நிலையத்துக்குச் சேர்க்க வேண்டும். ஆபத்து நேர்ந்த பிறகே விதி வந்தது என்பதை இங்கே குறித்துவைக்க வேண்டும்.

முகவரிச் சிக்கலுக்கு விதி கிடைத்தது. மின்சாரச் சிக்கல் காத்திருந்தது. செப்பு மின்னோட்டத்தைச் சுமக்கும், கண்ணாடி இழை சுமக்காது. ஃபைபர் இணைப்பு வீட்டுக்கு வந்த அன்றே, 1890களில் வீட்டைவிட்டுப் போன மின்கலம் மறுபடி வீட்டுக்கு வந்தது; இம்முறை அதன் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. 2015இல் எஃப்.சி.சி. இதற்கும் ஒரு விதி செய்தது. 2025 வரை நடப்பில் இருந்த அந்த விதியின்படி, 8 மணி நேரம் தாங்கும் மாற்று மின் ஏற்பாட்டை நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு விற்க முன்வர வேண்டியிருந்தது; மூன்றாண்டுக்குள் 24 மணி நேர ஏற்பாடும் கிடைக்க வேண்டியிருந்தது. ஆனால் அதன் விலையை வாடிக்கையாளரே கொடுக்க வேண்டியிருந்தது. பொறுப்பு கைமாறியதைச் சட்டமே ஒப்புக்கொண்ட தருணமாக இதை நான் கருதுகிறேன். அந்த விதி போதவில்லை என்பதே என் கணிப்பு. மின்கலத்தை வாங்க வேண்டும் என்று தெரியாதவர்தான் அது மிகவும் தேவைப்படுபவர்.

பிரிட்டன் சற்று வேறு வழியில் சென்றது. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018இல் தந்த வழிகாட்டலின்படி, மின்சாரம் நின்றால் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்புக்கு வழி இருக்க வேண்டும். தொலைபேசியையே நம்பியிருப்பவருக்கு அது இலவசம். ஒரு மணி நேரம் எவ்வளவு சிறியது என்பதை 2021 நவம்பரில் வந்த ஆர்வென் புயல் காட்டியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டன. ஏறத்தாழ 4,000 வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் வரவில்லை. 2022 மார்ச்சில் பி.டி. தன் மாற்றத் திட்டத்தை நிறுத்திவைத்தது.

அதைவிட ஆழமான சிக்கல் கழுத்தில் தொங்கும் ஒரு சிறு பொத்தானில் இருந்தது. தனியாக வாழும் முதியவர் விழுந்தால் அதை அழுத்துவார். வீட்டுப் பெட்டி தொலைபேசிக் கம்பி வழியே உதவி மையத்தை அழைக்கும். இத்தகைய கருவியை நம்பியிருப்போர் சுமார் 18 இலட்சம் பேர். பழைய பெட்டிகள் பல, உதவி மையத்தோடு ஒலிச் சமிக்ஞையால் பேசுபவை. துண்டாகிச் சுருக்கப்பட்டுச் செல்லும் இணையக் குரலில் அந்த ஒலி சிதையக்கூடும். இணைப்பு மாறிய பின் கருவி வேலை செய்யாத கடுமையான நிகழ்வுகள் தெரியவந்ததும், 2023 டிசம்பரில் அரசு, தொலைத்தொடர்பு நிறுவனங்களை அழைத்து ஒரு சாசனத்தில் ஒப்பமிடச் செய்தது. கட்டாய மாற்றம் நிறுத்தப்பட்டது. 2024 மே மாதம் கெடு 2027க்குத் தள்ளப்பட்டது.

இந்தியாவில் வரிசை வேறு. 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்தாலும் உள்நாட்டுத் தொலைபேசி வலையோடு அதை இணைக்க முடியவில்லை. அந்தக் கதவு 2018 ஜூனில்தான் திறந்தது. அதற்குள் கைப்பேசி வந்து லேண்ட்லைனைப் பல வீடுகளிலிருந்து அகற்றிவிட்டது. பிறகு ஃபைபர் அகலப்பட்டையோடு ஓர் இலவச இணைப்பாக வீட்டுத் தொலைபேசி திரும்பியது. 2022 ஆகஸ்டில் ஜியோ, பி.எஸ்.என்.எல். நிறுவனத்தை முந்தி நாட்டின் மிகப்பெரிய நிலைத்தொலைபேசி நிறுவனமாயிற்று. ஆனால் பிரிட்டனைப்போல மின்கலத்தைப் பற்றிய நீண்ட பொது விவாதம் நம்மிடையே எழவில்லை. எழுந்திருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் காவிரி டெல்டாவின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. கைப்பேசி கோபுரங்களுக்கும் மின்சாரம் வேண்டுமே.

ஆகவே வீட்டில் ஃபைபர் தொலைபேசி வைத்திருப்போர் மூன்றைச் செய்ய வேண்டுகிறேன். ஒன்று, இழை வந்து சேரும் பெட்டியையும் ரூட்டரையும் இன்வெர்ட்டர் இணைப்பில் மாட்டுங்கள். இன்வெர்ட்டர் இல்லையெனில் ரூட்டருக்கென்றே விற்கும் மினி யு.பி.எஸ். வாங்குங்கள். இரண்டு, அடுக்குமாடியில் இருந்தால் படிக்கட்டிலோ மாடியிலோ நிறுவனத்தின் சுவிட்ச் பெட்டி இருக்கிறதா, அதற்கு மாற்று மின்சாரம் உண்டா என்று கேளுங்கள். அது நின்றால் உங்கள் யு.பி.எஸ்ஸால் பயனில்லை. மூன்று, பகலில் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அந்தத் தொலைபேசியிலிருந்து ஓர் அழைப்பு செய்து பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால் இதை இந்த வாரமே செய்யுங்கள்.