முழங்காலைத் திறவாமல்

கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கிற மாங்குளத்திலிருந்து யாழ்ப்பாணம் தொண்ணூறு கிலோமீற்றருக்கு மேல். வவுனியா ஐம்பது கிலோமீற்றர் அளவில். முழங்கால் உடைந்தவரை இவ்வளவு தூரம் கொண்டுபோவதற்கு முன் முறிவு நெரிவு வைத்தியரிடம் காட்டுவதுதான் வன்னியில் நெடுங்கால வழக்கம். இதை அறியாமை என்று தள்ளுவோர் பலர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் ‘இரண வைத்தியம்’ தமிழில் வெளிவந்தது 1867இல். காபோலிக் அமிலத்தால் காயம் சீழ்ப்பிடிக்காமல் காக்கலாம் என்று சத்திரசிகிச்சை மருத்துவர் லிஸ்டர் எழுதியதும் அதே ஆண்டில்தான். அதுவரை ஐரோப்பாவிலேயே எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்தால், உயிரைக் காக்கக் காலையே வெட்டுவது சாதாரணம். மூட்டைத் திறக்கப் பயந்தவர்களுக்கு அன்று நல்ல காரணம் இருந்தது.

ஆனால் பயம் நியாயமானது என்பதால் நோவெண்ணெயும் சிம்புக்கட்டும் முழங்காலுக்குப் போதும் என்றாகிவிடாது. கணைக்கால் நடுவில் முறிந்தால் நேராக வைத்துக் கட்டினாலே பெரும்பாலும் பொருந்திவிடும். மூட்டுக்குள் நடப்பது வேறு. விழும் வேகத்தில் தொடையெலும்பின் குமிழ் கீழெலும்பின் மேல்தட்டில் மோதி, குருத்தெலும்போடு ஒரு துண்டைச் சில மில்லிமீற்றர் கீழே அமுக்கிவிடுகிறது. வெளியிலிருந்து எந்தக் கையும் அதைத் தூக்க முடியாது. கைக்குக் குறைந்தது திறமை அல்ல, பார்வை. அந்தப் பார்வைக்கு வழி திறந்தது ஜப்பானில்: 1918இல் தக்காகி, இறந்தவரின் முழங்காலுக்குள் சிறுநீர்ப்பை நோக்கியைச் செலுத்திப் பார்த்தார், 1962இல் வத்தனாபே அதே வழியில் கிழிந்த சவ்வை வெட்டியெடுத்தார். 1980களில் அது எலும்பு முறிவுக்கும் வந்தது. மூட்டுக்குக் கீழே எலும்பில் சிறு துளையிட்டு, அமுங்கிய துண்டை அடியிலிருந்து தட்டி உயர்த்துகிறார்கள். மேற்பரப்பு சமமாவதைத் திரையில் பார்த்தபடியே, தோலில் சிறு கீறல் வழியாகத் திருகாணி முடுக்குகிறார்கள்.

போர் தின்ற மண்ணுக்கு இது ஆடம்பரம் என்பது வலுவான மறுப்பு. 1990 நவம்பரில் மாங்குளம் இராணுவ முகாம் விழுந்தது முதல் 2009 வரை இங்கே வந்த கால்கள் பெரும்பாலும் எறிகணையும் மிதிவெடியும் சிதைத்தவை. அவற்றைக் கழுவித் திறந்தே வைத்து, வெளியே கம்பி பூட்ட வேண்டியிருந்தது; சிறு துளைக்கு அங்கே இடமில்லை. இன்று வீதியில் மோட்டார் சைக்கிளும் மரத்திலிருந்து விழுவதும் உடைக்கிற முழங்கால்களுக்கு அந்த மறுப்பு பொருந்தாது. பெரிய கீறல் சீழ்ப்பிடித்தால் மீண்டும் மீண்டும் அந்தத் தொண்ணூறு கிலோமீற்றர் போய்வர வேண்டும்; ஒரு கால போகமே கைவிட்டுப் போகும். நொறுங்கிய மூட்டுக்கு இன்றும் திறந்த சத்திரசிகிச்சையே வேண்டும் என்பதையும், குழாய் வழியே பார்ப்பது மட்டும் எப்போதும் மேலான பலன் தராது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சிறு காயத்தின் பெரிய ஆதாயம், முழங்காலைச் சீக்கிரம் மடக்கத் தொடங்கலாம் என்பது. வாரக்கணக்கில் அசையாதிருந்த முழங்கால் இறுகிவிடும். குந்தியிருந்து களை பிடுங்குகிறவருக்கு அது பிழைப்பையே பறிக்கும். முழங்காலை மடக்கும் பயிற்சி வாரத்தில் பல நாள், மாதக்கணக்கில் நடக்க வேண்டியது. ஆகவே கத்தி எந்த ஊரில் பட்டாலும், நெதர்லாந்துக் கடனுதவியில் மாங்குளம் ஆதார வைத்தியசாலைக்குக் கிடைத்த புனர்வாழ்வுச் சிகிச்சைப் பிரிவு இந்தச் சிகிச்சையின் மறுபாதி. அங்கே இயன்மருத்துவர்கள் போதிய அளவில் நிலைத்திருக்க வேண்டும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கோரிக்கை.