முன்முடிவு: ஒரு சொல்லும் அதன் வரலாறும்

ஒன்றை ஆராய்ந்து பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றி மனம் கொண்டுவிடும் கருத்து முன்முடிவு எனப்படும். முன்கருத்து, முன்தீர்மானம், முற்சாய்வு, தப்பெண்ணம், தப்பபிப்பிராயம் என்னும் சொற்களும் ஏறத்தாழ இதே பொருளில் வழங்குகின்றன. ஆனால் இவை முழுக்க ஒன்றல்ல. முன்கருத்து என்றால் கருத்து முந்திக்கொண்டது என்று மட்டுமே பொருள். அது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். தப்பெண்ணம் என்ற சொல்லோ அது தவறு என்று முதலிலேயே தீர்ப்பளித்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் இச்சொல்லின் வரலாறு நடந்திருக்கிறது.

தமிழின் பழைய சொற்கள்

நடுநிலை தவறுவதைக் குறிக்கும் தமிழின் பழைய சொற்களைக் கவனித்தால் ஓர் ஒற்றுமை தெரியும். திருக்குறளின் 12ஆம் அதிகாரமான நடுவு நிலைமையில் கோடாமை, கோட்டம் ஆகிய சொற்கள் வருகின்றன. கோடுதல் என்றால் வளைதல். அதே அதிகாரத்தில் சான்றோருக்கு உவமையாக வருவது ஒரு பக்கம் சாயாத துலாக்கோல். ஔவையாரின் ஆத்திசூடி ஓரம் என்ற சொல்லை ஒருதலைச் சார்பு என்ற பொருளில் ஆள்கிறது. இன்றும் நாம் ஓரவஞ்சனை என்கிறோம். வடமொழியிலிருந்து வந்த பட்சபாதம் என்ற சொல்லிலும் பட்சம் என்பது பக்கம் அல்லது சிறகு. பாதம் என்பது விழுதல். ஒரு பக்கமாக விழுவதே பட்சபாதம்.

இவை எல்லாமே இடத்தைக் காட்டும் சொற்கள். நடுவில் நிற்க வேண்டியவர் ஓரத்துக்குப் போய்விட்டார், நேராக நிற்க வேண்டியது வளைந்துவிட்டது என்பதே அவற்றின் கற்பனை. முன்முடிவு என்ற சொல்லோ காலத்தைக் காட்டுகிறது. விசாரணைக்குப் பின் வர வேண்டிய முடிவு அதற்கு முன்பே வந்துவிட்டது என்பதே அதில் சொல்லப்படும் குற்றம். முற்சாய்வு என்ற சொல்லில் காலமும் இடமும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதைக் காணலாம்.

உரோமின் நீதிமன்றத்தில்

ஆங்கிலத்தின் பிரிஜுடிஸ் என்ற சொல்லுக்கு மூலம் இலத்தீனின் பிரேயூதிக்கியும். பிரே என்றால் முன், யூதிக்கியும் என்றால் தீர்ப்பு. பண்டைய உரோமச் சட்டத்தில் இது வசைச்சொல் அல்ல, விசாரணை முறை ஒன்றின் பெயர். ஒருவர் பிறவியிலேயே சுதந்திரமானவரா, விடுதலை பெற்ற அடிமையா என்பது போன்ற கேள்விகளை முதன்மை வழக்குக்கு முன்னதாகவே தீர்த்துக்கொள்வதற்கு அது பயன்பட்டது. முன்கூட்டியே வரும் தீர்ப்பு பின்னால் வரும் வழக்கில் ஒருவருக்குப் பாதகமாகலாம் அல்லவா? அதனால் அச்சொல்லுக்குப் பாதகம் என்ற பொருளும் ஏறியது. சமரசம் பேசும் கடிதங்களின் தலைப்பில் வழக்கறிஞர்கள் இன்றும் எழுதும் ‘வித்தவுட் பிரிஜுடிஸ்’ என்பதில் அந்தப் பழைய பொருளே உள்ளது. இக்கடிதத்தால் என் உரிமைக்குப் பாதகம் வரக்கூடாது என்பது அதன் கருத்து.

நாவலும் அச்சுக்கூடமும்

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’ நாவலுக்கு முதலில் வைத்திருந்த பெயர் ‘முதற்பதிவுகள்’ என்ற பொருள் தருவது. நாயகி எலிசபெத், டார்சி என்பவரை முதல் சந்திப்பிலேயே தவறாக எடைபோடுகிறாள். பிறகு அவர் எழுதிய கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துத் தன் கருத்தைத் திருத்திக்கொள்கிறாள். முன்முடிவு திருத்தத்துக்கு இடம் தந்த கதை அது.

திருத்தத்துக்கு இடம் தராத முன்முடிவுக்குப் பெயர் அச்சுக்கூடத்திலிருந்து வந்தது. கோத்த எழுத்துப் பக்கத்திலிருந்து அச்சு எடுத்து, உலோகத்தை ஊற்றி ஒரே தகடாக வார்க்கும் முறைக்கு ஸ்டீரியோடைப் என்று பெயர். தனித்தனியாகக் கோத்த எழுத்தை மாற்றலாம். வார்த்த தகட்டில் எளிதில் மாற்ற முடியாது. அமெரிக்க எழுத்தாளர் வால்ட்டர் லிப்மன் 1922இல் ‘பப்ளிக் ஒப்பீனியன்’ என்ற நூலில், மனிதர் தலைக்குள் வைத்திருக்கும் மாறாத படங்களுக்கு இச்சொல்லைப் பயன்படுத்தினார். சமூகவியலில் அது நிலைத்துவிட்டது.

சட்டமாகிவிட்ட முன்முடிவு

முன்முடிவு சட்டமாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய வரலாற்றிலேயே சான்று உள்ளது. ஆங்கில அரசு 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. சில சமூகங்களில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குற்றத் தொழிலுக்கு உரியவர்கள் என்பது அதன் அடிப்படை எண்ணம். ஒரு சமூகத்தை அப்படி அறிவித்துவிட்டால் அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்றும் அச்சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. அதாவது விசாரணைக்கு முன்பே முடிவு. அந்த முடிவின் மேல் விசாரணையும் கிடையாது.

1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். பெயரைப் பதிந்து ரேகை வைக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும். மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர் மக்கள் ரேகை வைக்க மறுத்தபோது, 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. 16 பேர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இல் இச்சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952இல் நீங்கியது. அன்று குற்றப்பரம்பரை என்று பதியப்பட்ட சமூகங்களைத் தமிழ்நாட்டில் இன்று சீர்மரபினர் என்கிறோம். ஒரு சொல்லை அரசுப் பதிவேட்டிலிருந்து எடுக்க எத்தனை ஆண்டுகள், எத்தனை உயிர்கள் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேறுபாடு எங்கே?

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட ‘தி நேச்சர் ஆஃப் பிரிஜுடிஸ்’ என்ற நூலில் ஓர் எளிய சோதனையைத் தருகிறார். முந்திக்கொள்ளும் கருத்து எல்லாமே தப்பெண்ணம் ஆகாது. புதிய செய்தி தெரிந்த பிறகும் மாற மறுப்பதே தப்பெண்ணம் என்பது அவர் வரையறை.

வானத்தில் மேகம் கருத்தால் குடை எடுத்துக்கொள்கிறோம். அதுவும் முன்கருத்துதான். அது இல்லாமல் ஒரு நாளையும் ஓட்ட முடியாது. வெயில் அடித்தால் குடையை மடக்கிவிடுகிறோம், அவ்வளவுதான். 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த மடக்கும் வழியே அடைக்கப்பட்டிருந்தது. எனவே முன்கருத்து, தப்பெண்ணம் ஆகிய இரு சொற்களையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றி எழுதாமல் இருப்பது நல்லது. முதலாவது எல்லோருக்கும் உள்ளது. அதைத் திருத்த மறுக்கும்போதுதான் அது இரண்டாவதாக மாறுகிறது.