கே 1 இருக்கையில் பிறந்த அகராதி

1916, பிரான்ஸில் பொசியேர். முதல் உலகப்போரில் அங்கே நடந்த சண்டையில் ஆஸ்திரேலியப் படையின் சாதாரணச் சிப்பாய் ஒருவர் காயம்பட்டார். பெயர் எரிக் பார்ட்ரிட்ஜ், வயது 22. நியூசிலாந்தில் பிறந்தவர். குவீன்ஸ்லாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது பட்டாளத்தில் சேர்ந்து, கல்லிப்போலிச் சண்டையையும் பார்த்துவிட்டு வந்தவர். அவர் தொகுத்த ஆங்கிலக் கொச்சைச் சொற்களின் பேரகராதி 1937-இல் அச்சேறியது. ஆனால் அது கருவானது இந்தப் போர்முனையில்தான் என்பேன்.

பதுங்குகுழியில் சுரங்கத் தொழிலாளியும் குமாஸ்தாவும் கல்லூரி மாணவனும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேசிய ஆங்கிலம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. 'பிளைட்டி' என்ற சொல்லைப் பாருங்கள். 'விலாயதி' என்ற உருதுச் சொல்லை இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்கள் இப்படித் திரித்தார்கள். நாம் சீமை என்போமே, அந்தப் பொருள். போர்முனையில் அது சொந்த நாட்டுக்குப் பெயரானது. உயிரை வாங்காமல் ஊருக்கு அனுப்பிவைக்கும் காயத்துக்கும் அதுவே பெயர். காயம் படாதா என்று ஒருவன் ஏங்கும் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சுகமான வேலைக்குக் 'குஷி' என்றார்கள். நாம் சொல்லும் அதே குஷிதான். இந்தியாவில் பட்டாளச் சிறைக்குக் 'காஞ்சி ஹவுஸ்' என்றொரு பெயர் இருந்ததை 1886-இல் வந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான ஹாப்சன்-ஜாப்சன் பதிவு செய்திருக்கிறது. உள்ளே கிடந்தவர்களின் சாப்பாடான நம் கஞ்சி கொடுத்த பெயர் அது.

போர் முடிந்ததும் பார்ட்ரிட்ஜ் பட்டம் பெற்று ஆக்ஸ்ஃபோர்டு போனார். மான்செஸ்டரிலும் லண்டனிலும் கற்பித்தார். 1927-இல் அந்த வேலையை விட்டு ஸ்காலார்டிஸ் என்ற சிறு பதிப்பகம் தொடங்கினார். போரில் அவரைப் போலவே சிப்பாயாக இருந்த நாவலாசிரியர் ஜான் பிரோஃபியோடு சேர்ந்து, பிரிட்டிஷ் சிப்பாய்களின் பாட்டுகளையும் கொச்சைச் சொற்களையும் 1930-இல் நூலாக்கினார். அடுத்த ஆண்டு, பிரான்சிஸ் குரோஸ் 1785-இல் முதலில் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியைக் குறிப்புகளோடு மறுபடி கொண்டுவந்தார். அதே 1931-இல், பொருளாதாரப் பெருமந்தத்தில் பதிப்பகம் மூழ்கியது. கையில் தொழில் இல்லை. சொற்கள் மட்டும் இருந்தன.

பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்புக் கூடத்தில் 'கே 1' என்பது அவர் இருக்கை. பல பத்தாண்டுகள் அதில்தான் உட்கார்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கு ஆசிரியர் குழுவும் ஏராளமான தொண்டர்களும் இருந்தார்கள். இங்கே ஒரே ஒருவர். பழைய நாடகம், செய்தித்தாள், திருடர் வாழ்க்கைக் கதை எல்லாவற்றையும் சலித்துச் சொல் பொறுக்கினார். 1937-இல் ரௌட்லெட்ஜ் அந்த அகராதியை வெளியிட்டது.

திருடர், சிப்பாய், கப்பல்காரர் எனத் தத்தம் கூட்டத்துக்குள் பேசும் பேச்சை நன்னூல் குழூஉக்குறி என்று இலக்கணத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. ஆங்கில அகராதிக்காரர்களுக்கோ கூச்சம் அதிகம். எல்லோருக்கும் தெரிந்த இரண்டு கெட்ட வார்த்தைகளை ஆக்ஸ்ஃபோர்டின் முதல் பதிப்பு அடியோடு விட்டுவிட்டது. பார்ட்ரிட்ஜ் ஓர் எழுத்துக்குப் பதில் உடுக்குறி இட்டு அவற்றைச் சேர்த்தார். இடக்கரடக்கல்தான், ஆனாலும் சொல் உள்ளே வந்துவிட்டது. வேர்ச்சொல் சொல்லும்போது அவர் ஊகத்தில் துணிந்து இறங்கியதைப் பின்வந்த அறிஞர்கள் குறை சொன்னார்கள். அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால் வேரைப் பிறகு திருத்தலாம். அன்றே எழுதிவைக்காத சொல்லை எங்கே போய்த் தேடுவது?

இரண்டாம் உலகப்போரிலும் படையில் சேர்ந்தார். 1945-இல் விமானப்படைக் கொச்சைக்குத் தனி அகராதி போட்டார். பேரகராதியின் பிற்சேர்க்கை பெருத்துக்கொண்டே போய், 1961-இல் இரண்டாம் தொகுதியானது. 1979-இல் 85 வயதில் பார்ட்ரிட்ஜ் இறந்தபோதும் புதிய சொற்குறிப்புகள் மிச்சம் இருந்தன. அவற்றையும் சேர்த்து பால் பீல் பதிப்பித்த எட்டாம் பதிப்பு 1984-இல் வெளிவந்தது.