திண்ணைப் பேச்சில் பரவிய நற்செய்தி

கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் சமய வரலாறு எதற்கு என்று நம் இளைஞர் சிலர் வினவக்கூடும். நம்முள் சிவனை வழிபடுவோரும் உளர். இயேசுவைத் தொழுவோரும் உளர். எனினும் கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் நம் மக்கள் ஏடும் எழுத்தும் அறிந்த கதையைச் சொல்லப் புகுந்தால், நற்செய்தி பரவிய கதையைத் தொடாமல் சொல்ல இயலாது.

1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர், முதலில் தமிழ் கற்றார். பின்னர் வழியிற் கண்டோரோடெல்லாம் அமர்ந்து உரையாடினார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றினார். 1717-இல் கடலூரிலும் ஏழைப் பிள்ளைகளுக்கென அவர் முயற்சியால் பள்ளி எழுந்தது. கடலூரிற் பிறந்த ஆறுமுகம் என்னும் வேளாளர் இளைஞர், 1718-இல் அவரிடம் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார்.

ஆனால் அச்சிட்ட நூல் எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேரும்? சேர்ந்தாலும் படிக்க வல்லார் எத்தனை பேர்? ஊர் ஊராக நடந்து, திண்ணையில் அமர்ந்து, படித்துக் காட்டி, நோயுற்றோரை நலம் விசாரித்து, துயருற்றோருக்கு நாலு வார்த்தை ஆறுதல் கூறியவர்கள் உபதேசியார்களே. அதிலும் தஞ்சை மன்னர் நாட்டில் ஐரோப்பியக் குருமார் விரும்பியபடி நுழைய முடியாத காலம் அது. அங்கே அப்பணியைச் சுமந்தவர் இராஜநாயக்கன். மன்னர் படையில் சேவகம் செய்தவர், கத்தோலிக்கக் குடும்பத்தில் வந்தவர், பறையர் குலத்தவர். தமிழில் அச்சான சுவிசேஷத்தைப் படித்து உளம் மாறிய அவர், படைச் சேவகத்தை விட்டு உபதேசியார் ஆனார். எதிர்ப்பும் தாக்குதலும் வந்தன. அவர் பேச்சை நிறுத்தவில்லை.

1733-இல் தமிழர் ஒருவருக்குக் குருப்பட்டம் அளிக்கத் தரங்கம்பாடியார் முடிவு செய்தனர். இராஜநாயக்கன் பெயரும் எண்ணிப் பார்க்கப்பட்டது. ஆனால் பறையர் ஒருவர் கையிலிருந்து திருவிருந்தின் அப்பத்தை உயர்சாதிக் கிறிஸ்தவர் வாங்குவரோ என்ற ஐயம் குறுக்கே நின்றது. அவ்வாண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பட்டம் பெற்றவர் கடலூர் ஆரோன். ஆரோனை நாம் குறை கூறவில்லை. 1745-இல் மறையும் வரை அவரும் உண்மையாய் உழைத்தவரே. ஆனால் இராஜநாயக்கன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உபதேசியாராகவே இருந்தார். அவர் வாயிலிருந்து வந்த சொல் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. அவர் கையிலிருந்து வரும் அப்பம் மட்டும் ஆகாது போயிற்று! நம் பாடநூல்களில் அவர் பெயர் உண்டா என்று இளைஞர்கள் தேடிப் பார்க்கட்டும்.

ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து, திண்டிவனத்தில் வேறொரு காட்சி. ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்த முனுசாமி என்னும் நம் குலச் சிறுவன், அங்கே அமெரிக்க ஆற்காடு மிஷன் பள்ளியில் பயின்றான். விவிலியப் பாடத்திலும் சிறந்து விளங்கிய அவனை ஆசிரியர்கள் ‘சிகாமணி’ என்று அன்போடு அழைத்தனர். சேரிப் பிள்ளையை ஊரார் எப்படிக் கூவி அழைத்த காலம் அது என்பதை எண்ணினால், அந்த ஒரு சொல்லின் அருமை விளங்கும். பின்னர் மதம் மாறும்படி கேட்டனர், சிறுவன் இசையவில்லை, பள்ளியை விட்டு நீங்கினான். ஊக்கச் சொல்லுக்குப் பின்னே நிபந்தனையும் வந்தது என்பதே நம் கருத்து. ஆயினும் அப்பள்ளி தந்த கல்வியை அவன் உதறிவிடவில்லை.

சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து, சகஜானந்தர் என்னும் துறவுப் பெயர் பெற்று, குருவின் கட்டளைப்படி 1910-இல் சிதம்பரம் வந்தவர் அந்தச் சிறுவனே. நந்தனார் தில்லைக்கு ஏங்கிய கதையை அறியாதார் நம்மில் இல்லை. அவர் பெயரால் ஓமக்குளத்தில் மடம் அமைந்தது. 1916-இல் 25 பிள்ளைகளோடு நந்தனார் பள்ளியும் தொடங்கியது. சுவாமிகள் சட்டமன்றம் புகுந்து நம் மக்களுக்காக வாதாடினார். 1959-இல் மறையும் வரை பள்ளியை விடவில்லை. சைவத் துறவியான அவர், தம் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தது ஒரு பலகையும் எழுத்தும்; திண்டிவனத்தில் அவருக்குக் கிடைத்ததும் அவையே.