நடைப்பயிற்சிப் பழக்கம்

அன்றாட நடையை வேறொரு செயலோடு பிணைத்து, யோசிக்காமலே நடக்கும்படி வழக்கமாக்கிக்கொள்வது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. வேக நடை அதில் அடங்கும்.

தமிழ்நாடு அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கியது. விழுப்புரம் உட்பட 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைபாதை குறிக்கப்பட்டது. பாதை அமைத்தது நல்ல தொடக்கம். ஆனால் பாதை மட்டும் பழக்கத்தைத் தந்துவிடாது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக மாற நடுமதிப்பாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமானது. சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பாக இல்லை. 'ஒரு நாள் விட்டுப்போச்சு, இனி எதுக்கு' என்று கைவிடுபவர்கள் அறிய வேண்டிய செய்தி இது.

பிணைப்புக்குத் தக்க வேளை ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கிறது. திண்டிவனத்தில் விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போடுபவர், கோலமாவு டப்பாவை வைத்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்வந்தால் போதும். முதல் வாரம் பத்து நிமிடம். கோடையில் எட்டு மணிக்கே வெயில் சுடும் ஊர் இது; அதற்குள் முடிப்பது நல்லது.

துணை இருந்தால் நடை நிலைக்கும். அருகிலுள்ள திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் கூட்டமாகக் கிரிவலம் வருபவர்கள் 14 கி.மீ. நடக்கிறார்கள்.